உலாவியும் வலைப்பூவும் முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

உலாவியில் ஏதாவது கோளாறு என்றால் நம்மில் பலர் உடனே செய்வது இரண்டு காரியங்கள். ஒன்று, 'எல்லாவற்றையும் கிளியர் பண்ணு'. இன்னொன்று, 'அழித்துவிட்டு மறுபடியும் போடு'. இரண்டுமே கடைசிக் கட்டத்தில் செய்ய வேண்டியவை. சேமித்து வைத்த கடவுச்சொற்களும் பாதி எழுதிய இடுகையும் போய்விடும். கோளாறு மட்டும் அப்படியே நிற்கும். பல நேரங்களில் குற்றம் உலாவியுடையதே அல்ல. நாம் சேர்த்த நீட்சி (உலாவியோடு சேரும் சிறு நிரல்), பழைய குக்கி (தளம் நம் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு), வைஃபை, எதிரில் இருக்கும் தளம் என்று வேறு யாராவது காரணமாக இருப்பார்கள். யார் காரணம் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. அதற்காகத்தான் இந்த வழிமுறை அறிகுறியிலிருந்து தொடங்குகிறது. உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம், ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

எதற்கும் முன்னால் மூன்று சோதனைகள்

முதல் சோதனை, தனிச்சாளரம். குரோமிலும் எட்ஜிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் என்னுக்குப் பதில் பி. இந்தச் சாளரத்தில் பழைய குக்கிகள் இருக்காது. நீங்களாக அனுமதி கொடுத்திருந்தால் தவிர நீட்சிகளும் ஓடாது. இங்கே பக்கம் சரியாக வந்தால், குற்றவாளி ஒரு நீட்சி அல்லது அந்தத் தளத்தின் பழைய குக்கி. நீட்சிகளில் பாதியை நிறுத்திப் பாருங்கள். சரியானால் அந்தப் பாதிக்குள்தான் ஆள் இருக்கிறார். நீட்சி காரணமில்லை என்றால், முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தை அழுத்தி அந்த ஒரு தளத்தின் குக்கிகளை மட்டும் நீக்குங்கள். மற்ற தளங்களை ஏன் தொட வேண்டும்?

இரண்டாவது சோதனை, வேறு உலாவி. இதில் பலர் ஏமாறுகிறார்கள். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாம் உள்ளே குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் ஓடுபவை. குரோமில் வராத பக்கத்தைப் பிரேவில் திறந்து பார்ப்பது உண்மையான மாற்றுச் சோதனை ஆகாது. ஃபயர்ஃபாக்ஸ் வேறு எந்திரம் (அதாவது வேறு அடித்தளம்), ஆப்பிளின் சஃபாரி வேறு எந்திரம். இவற்றில் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும். நம் சிங்கப்பூர் ஐபோனில் இந்தச் சோதனைக்கே பெரிய பொருளில்லை. அங்கே குரோம் என்று போட்டாலும் ஃபயர்ஃபாக்ஸ் என்று போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் எந்திரம்தான்.

மூன்றாவது, வேறு இணைப்பு. வீட்டு வைஃபையை விட்டுவிட்டு கைபேசியின் மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். நூலகத்திலோ கடைத்தொகுதியிலோ வயர்லெஸ்@எஸ்ஜி என்ற பொது வைஃபையில் இணைந்திருந்து எந்தப் பக்கமும் வரவில்லை என்றால், உள்நுழைவுப் பக்கம் இன்னும் திறக்காமல் இருக்கலாம். விபிஎன் போட்டிருந்தால் அதைச் சற்று நிறுத்திவிட்டு இணைப்பை அறுத்து மீண்டும் இணையுங்கள்.

மூன்று சோதனைக்கும் ஐந்து நிமிடம் போதும். மூன்றிலும் பக்கம் வரவில்லை என்றால் தளத்தில்தான் கோளாறு. நீங்கள் செய்ய எதுவும் இல்லை, பிறகு வாருங்கள்.

அறிகுறி: தமிழ் எழுத்துகள் தமிழாகத் தெரியவில்லை

'தமிழ் வரவில்லை' என்று எல்லாரும் ஒரே சொற்றொடரில் சொல்கிறார்கள். ஆனால் திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டால் ஐந்து விதமான பதில் வரும். ஐந்துக்கும் காரணம் வேறு, மருந்து வேறு. இதில்தான் நிதானம் அதிகம் தேவை, ஏனென்றால் தவறான மருந்து கொடுத்தால் எழுதியதே அழியும்.

வெறும் கட்டங்கள் தெரிந்தால் கவலை வேண்டாம். எழுத்து பத்திரமாக இருக்கிறது. காட்டுவதற்கு எழுத்துரு மட்டும் இல்லை. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ என்ற எழுத்துரு கூடவே வருகிறது, மேக்கில் தமிழ் சங்கம் எம்என் உண்டு. லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவினால் போதும். ஒன்றிரண்டு எழுத்துகள் மட்டும் கட்டமாக வந்தால், அவை தமிழ்ப் பின்னக் குறிகள் போன்ற அரிய வடிவங்களாக இருக்கும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் அவை 2019இல்தான் சேர்ந்தன, எல்லா எழுத்துருவிலும் இன்னும் இல்லை.

புள்ளிகளால் ஆன வட்டமும் அதன் பக்கத்தில் தனியாக ஒரு கொம்போ காலோ தெரிந்தால், தட்டச்சில் வரிசை பிசகியிருக்கிறது. பழைய தட்டச்சுப்பொறிப் பழக்கம் உள்ளவர்கள் 'கெ' என்பதற்கு முதலில் கொம்பைப் போட்டுவிட்டு அப்புறம் 'க' போடுவார்கள். யூனிகோடில் கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரிந்தாலும் சேமிப்பில் மெய்தான் முதலில். அந்த எழுத்தை அழித்துவிட்டு மீண்டும் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடி அதே 'ஏ' என்று பக்கம் முழுக்க ஓடினால், எழுத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. யூனிகோடை யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகப் போகும். அந்த மூன்றையும் உலாவி மூன்று ஐரோப்பிய எழுத்துகளாக வாசித்துவிட்டது, அவ்வளவுதான். ஃபயர்ஃபாக்ஸில் ஆல்ட் விசையை அழுத்தி 'வியூ' பட்டியில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' தட்டிப் பாருங்கள். குரோமில் இந்த வசதி இப்போது இல்லை. உங்கள் சொந்த வலைப்பூவை ஒரு வழங்கியிலிருந்து (தளத்தை வைத்திருக்கும் கணினி) இன்னொன்றுக்கு மாற்றிய பிறகு இப்படி வந்தால், தயவுசெய்து எந்த இடுகையையும் திறந்து 'அப்டேட்' அழுத்தாதீர்கள். அழுத்தினால் கெட்ட வடிவமே நிரந்தரமாகச் சேமிக்கப்படும். தரவுத்தளத்தின் எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்8எம்பி4 என்று இருக்கிறதா என்று பார்த்து, மறுபிரதியிலிருந்து சரியான குறியாக்கத்தில் மீண்டும் ஏற்றச் சொல்லுங்கள்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால்தான் உண்மையில் கெட்ட செய்தி. தமிழை ஏற்கத் தெரியாத தரவுத்தளம் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுச் சேமித்துவிட்டது. அதிலிருந்து மீட்க எதுவும் மிச்சமில்லை. பழைய மறுபிரதி, மின்னஞ்சலில் போன பிரதி, இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் ஆகியவற்றில் தேடுங்கள்.

ஐந்தாவது, பழைய எழுத்துரு முறை. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தெரிந்தால் அது பாமினி எழுத்துருவில் அடித்தது. யூனிகோடு பரவும் முன் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம் என்று இருந்த காலத்தின் மிச்சம் இது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1997இல் நம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 'கணியன்' எழுத்துருவை உருவாக்கிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அதற்குப் பெரும் உழைப்பைத் தந்தார். தமிழ்த் தகவல் தொழில்நுட்பத்துக்கான உத்தமம் அமைப்பு தொடங்கியதும் இங்கே நடந்த 2000ஆம் ஆண்டு மாநாட்டில்தான். இன்று எந்தக் கருவியிலும் தமிழ் படிக்க முடிகிறதென்றால் அந்தத் தலைமுறைக்கு நன்றி சொல்ல வேண்டும். சரி, மருந்து என்ன? பாமினி எழுத்துருவைத் தேடி நிறுவாதீர்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் இட்டு யூனிகோடாக மாற்றிவிடுங்கள். மாற்றிய பின் ஒரு முறை முழுக்கப் படியுங்கள்; இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறி உளறலாக நிற்கும்.

அறிகுறி: தமிழ்ப் பக்கம் தானாக ஆங்கிலமாகிறது

சிங்கப்பூரில் பெரும்பாலோர் கைபேசியை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறோம். அதனால் தமிழ்ப் பக்கம் திறந்ததும் குரோம் 'இவருக்கு இது புரியாது' என்று முடிவுசெய்து மொழிபெயர்க்க வருகிறது. ஒரு முறை தெரியாமல் 'எப்போதும் மொழிபெயர்' கொடுத்துவிட்டால், அதன் பிறகு கவிதை கூட ஆங்கில உரைநடையாக வந்து நிற்கும். மொழிபெயர்ப்புப் பட்டியின் மூன்று புள்ளியில் 'நெவர் டிரான்ஸ்லேட் தமிழ்' கொடுங்கள். கூடவே 'செட்டிங்ஸ்', 'லாங்குவேஜஸ்' போய் விருப்ப மொழிகளில் தமிழைச் சேர்த்துவிடுங்கள்.

வலைப்பூ எழுதுபவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. வேர்ட்பிரஸில் 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்' பகுதியிலும், பிளாக்கரில் அமைப்புகளின் தொடக்கத்திலும் தள மொழியைத் தமிழ் என்று வையுங்கள். ஆங்கிலம் என்று அறிவித்த பக்கத்தில் தமிழ் இருந்தால் உலாவியும் தேடுபொறியும் திரைவாசிப்பானும் குழம்பும். வேர்ட்பிரஸின் கட்டுப்பாட்டுப் பலகை ஆங்கிலத்திலேயே வேண்டும் என்றால் உங்கள் 'ப்ரொஃபைல்' பக்கத்தில் தனியாக மாற்றிக்கொள்ளலாம். எழுதும் பக்கத்தில் மட்டும் மொழிபெயர்ப்பு ஓடவே கூடாது. எடிட்டரின் பெட்டிகள் குலைந்து, சேமிக்கும்போது சிக்கல் தரும்.

அறிகுறி: தட்டச்சு செய்தால் தமிழ் வரவில்லை

விண்டோஸ் கணினிக்கு கூகுள் இன்புட் டூல்ஸ் என்று ஒரு மென்பொருள் இருந்தது. கூகுள் அதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் அதன் பெயரில் கோப்பு தரும் தளங்களை நம்ப வேண்டாம். தேவையும் இல்லை. விண்டோஸிலேயே மொழிப் பட்டியலில் 'தமிழ் (இந்தியா)' சேர்த்தால் ஒலிப்பு முறை, தமிழ் 99 இரண்டும் கிடைக்கும்; விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்துத் தட்டினால் மொழி மாறும். மேக்கில் அஞ்சல், தமிழ் 99 இரண்டும் உள்ளேயே இருக்கின்றன.

பிள்ளைகளின் பள்ளிக் கருவியில் நீட்சி நிறுவ முடியவில்லை என்று பெற்றோர் கேட்பதுண்டு. 2021 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர் எல்லாருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் இருக்கிறது, அவற்றில் பள்ளியின் கட்டுப்பாட்டு மென்பொருளும் உண்டு. அதைச் சுற்றிக்கொண்டு போக முயல வேண்டாம். குரோம்புக்கிலும் ஐபேடிலும் தமிழ் விசைப்பலகை அமைப்புகளிலேயே இருக்கிறது. அதற்கு நீட்சியே வேண்டாம். அமைப்புகளும் பூட்டியிருந்தால் தமிழாசிரியரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அறிகுறி: இருக்கிற சொல்லைத் தேடினால் கிடைக்கவில்லை

'மௌனம்' என்று எழுதியதாக நினைத்திருப்போம். உண்மையில் 'மெ' போட்டு அதன் பக்கத்தில் 'ள' போட்டு 'மெளனம்' என்று அடித்திருப்போம். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு. 'ஔவை', 'ஒளவை' கதையும் அதுதான். உங்கள் பழைய இடுகைகளில் ளகரத்தை வைத்து இப்படி அடித்தவற்றைத் தேடி மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஔவையைப் பற்றி நீங்கள் அக்கறையோடு எழுதிய கட்டுரை, ஔவையைத் தேடி வருபவர் கண்ணில் படாமலே போகலாம்.

அறிகுறி: எழுத்து சின்னது, கண் வலிக்கிறது

கன்ட்ரோலும் கூட்டல் குறியும் எல்லாருக்கும் தெரியும். ஃபயர்ஃபாக்ஸில் அதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. 'செட்டிங்ஸ்' பக்கத்தில் 'ஃபான்ட்ஸ்', 'அட்வான்ஸ்டு' போனால் எந்த எழுத்துமுறைக்கு என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் வரும். அதில் தமிழைத் தேர்ந்து, தமிழுக்கு மட்டும் தனி எழுத்துருவும் குறைந்தபட்ச அளவும் வைக்கலாம். ஆங்கிலம் இருக்கிறபடி இருக்கும், தமிழ் மட்டும் பெரிதாகும். தமிழ் அதிகம் படிப்பவருக்கு நான் ஃபயர்ஃபாக்ஸைச் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

படிப்பதே சிரமமாகிவிட்ட மூத்தோருக்கு எட்ஜ். பக்கத்தில் வலச்சொடுக்கி 'ரீட் அலவுட்' கொடுத்தால் படித்துக் காட்டும். குரல் பட்டியலில் சிங்கப்பூர்த் தமிழுக்கென்றே வெண்பா, அன்பு என்று இரண்டு குரல்கள் இருக்கின்றன. குரல் வராமல் மௌனமாக இருந்தாலோ, தமிழை ஆங்கிலக் குரல் கடித்துக் குதறினாலோ, 'வாய்ஸ் ஆப்ஷன்ஸ்' திறந்து இவற்றில் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுங்கள். இணைய இணைப்பு இருந்தால்தான் இந்தக் குரல்கள் பேசும். பாட்டி தாத்தா இருக்கும் வீட்டில் பேரப்பிள்ளைகள் இதை ஒரு முறை அமைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

அறிகுறி: உலாவி மெதுவாக ஓடுகிறது

குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் 'மோர் டூல்ஸ்', 'டாஸ்க் மேனேஜர்' திறங்கள். எந்த டேப், எந்த நீட்சி எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று பெயரோடு காட்டும். ஊகிக்க வேண்டியதில்லை. குரோமின் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி சேவர்', எட்ஜில் 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' போட்டுவிட்டால் பார்க்காத டேப்கள் தூங்கும். ஒரு வலைப்பூ எழுதும் டேபை மட்டும் விதிவிலக்காகச் சேர்த்துவிடுங்கள்.

விளம்பரங்களால் மெதுவாகிறது என்றால்: குரோம் நீட்சிகளுக்கான விதிமுறையை மாற்றியதால் பழைய யூபிளாக் ஆரிஜின் அங்கே வேலை செய்வதில்லை, அதன் லைட் வடிவம்தான் உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் முழு வடிவமும் ஓடுகிறது, ஆண்ட்ராய்டு கைபேசியிலும்கூட.

அறிகுறி: திரை மூலையில் ஓயாமல் எச்சரிக்கைகள்

'உங்கள் கணினியில் வைரஸ்', 'பரிசு விழுந்திருக்கிறது' என்று மூலையில் எட்டிப் பார்ப்பவை பெரும்பாலும் வைரஸ் அல்ல. என்றோ ஒரு தளம் கேட்ட 'அலவ்' பொத்தானை அழுத்தியதன் விளைவு. குரோமில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய், அனுமதி பெற்றவர் பட்டியலில் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். மேலேயே இனி எந்தத் தளமும் கேட்கக் கூடாது என்ற தேர்வு இருக்கிறது, அதையும் போட்டுவிடலாம். எச்சரிக்கையில் இருக்கும் எண்ணுக்கு மட்டும் ஒருபோதும் அழைக்காதீர்கள். அழைத்துவிட்டு யாராவது சொன்ன மென்பொருளை நிறுவியிருந்தால் உடனே இணைப்பைத் துண்டித்து வங்கிக்குச் சொல்லுங்கள். மோசடியா இல்லையா என்ற சந்தேகம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799.

அறிகுறி: வங்கியோ சிங்பாஸோ மட்டும் திறக்க மறுக்கிறது

வங்கித் தளமோ, சிங்பாஸ் என்ற அரசாங்க உள்நுழைவு முறையோ மட்டும் முரண்டு பிடித்தால், முதலில் உலாவியின் வயதைப் பாருங்கள். விண்டோஸ் 7, 8.1 கணினிகளுக்கு குரோம் 2023 பிப்ரவரியோடு புதுப்பிப்பை நிறுத்திவிட்டது. ஃபயர்ஃபாக்ஸிலும் 115 வரிசைதான் கடைசி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அந்தப் பழைய கணினியில் கட்டுரை படியுங்கள், பணப் பரிமாற்றம் வேண்டாம்.

உலாவி புதிதுதான் என்றால் நீட்சிகளைச் சந்தேகியுங்கள். விளம்பரத் தடுப்பானோ நிரல் தடுப்பானோ உள்நுழைவுக் கட்டத்தையே தடுக்கலாம். வங்கி அறிக்கை புதிய சாளரத்தில் திறக்க வேண்டியதாக இருந்தால் பாப்-அப் தடையைப் பாருங்கள். 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை எல்லாத் தளத்திலும் வந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய மடிக்கணினிகளில் உள் மின்கலம் தீர்ந்து தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். ஒரே தளத்தில் மட்டும் வந்தால் தாண்டிப் போகாதீர்கள், முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அரசாங்கத் தளம் என்றால் பெயர் '.ஜிஓவி.எஸ்ஜி' என்று முடிய வேண்டும்.

எந்த உலாவி நல்லது என்ற கேள்விக்கு என் பதில் இதனால்தான் எப்போதும் இரண்டு உலாவி என்று இருக்கும். ஒன்றில் நீட்சியே கூடாது: சிங்பாஸ், மத்திய சேமநிதி, வங்கி மட்டும். எட்ஜ், குரோம், சஃபாரி எதுவானாலும் சரி. இன்னொன்று உங்கள் விருப்பத்துக்கு: எழுத்துரு, நீட்சி, வாசிப்பு, வலைப்பூ எல்லாம் அங்கே. தமிழ் எழுதிப் படிப்பவருக்கு அந்த இரண்டாவது ஃபயர்ஃபாக்ஸாக இருக்கட்டும். பணமும் பொழுதுபோக்கும் ஒரே பையில் இல்லாதபோது, ஒன்று கெட்டால் மற்றது நிற்கும். மேலே சொன்ன இரண்டாவது சோதனைக்கும் ஆள் தயாராக இருப்பார்.

அறிகுறி: வலைப்பூவில் எழுத்துகள் வெட்டுப்படுகின்றன, ஏறிக்கொள்கின்றன

அழகான வார்ப்புரு (டெம்ப்ளேட்) ஒன்றைப் போட்டதும் தலைப்பில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். மேல் கொக்கியும் கீழ் வளைவும் அரிந்ததுபோல் இருக்கும். வார்ப்புரு ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டது என்பதே காரணம். ஆங்கிலத் தலைப்பு கச்சிதமாகத் தெரிய எழுத்திடைவெளியைச் சுழிக்குக் கீழே வைத்திருப்பார்கள். தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கூடுதல் சிஎஸ்எஸ் பெட்டியில் 'லெட்டர் ஸ்பேசிங்' மதிப்பைச் சுழியாக்குங்கள். 'லைன் ஹைட்' 1.7 அளவில் இருந்தால் தமிழுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். இரு பக்கமும் நேர்படுத்தும் 'ஜஸ்டிஃபை'யை விட்டுவிடுங்கள். நம் சொற்கள் நீளம். கைபேசியின் குறுகிய திரையில் ஒரு வரிக்கு இரண்டு சொல்லும் நடுவில் பெரும் பள்ளமுமாக நிற்கும். சொல் கண்ட இடத்தில் உடைந்து வரி மடங்கினால் 'வேர்டு பிரேக்' என்ற இடத்தில் 'பிரேக் ஆல்' என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் நீக்குங்கள்.

தடித்த எழுத்து மை கசிந்ததுபோல் தெரிந்தால், அந்த எழுத்துருவில் தடித்த வடிவமே இல்லை, உலாவி தானாகப் பூசித் தடிமனாக்குகிறது. மீரா இனிமை, பவனம் ஆகியவற்றில் ஒரே கனம்தான் உண்டு. தலைப்புக்கும் உடலுக்கும் ஒரே எழுத்துரு வேண்டுமானால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரான் போன்று பல கனம் உள்ளவற்றை எடுங்கள். சாய்வெழுத்தை நான் தமிழில் பயன்படுத்துவதே இல்லை. அது படிக்கக் கடினம். மேற்கோள் குறியே அழகு.

ஒட்டிய பத்தி மட்டும் வேறு எழுத்துருவில், வேறு நிறத்தில் வந்தால், வேர்டிலிருந்து வடிவமைப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அழித்துவிட்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், வி அழுத்தி ஒட்டுங்கள்; வெறும் எழுத்து மட்டும் வரும்.

அறிகுறி: இணைப்பைப் பகிர்ந்தால் சதவீதக் குறிகளாக நீள்கிறது

வாட்ஸ்அப்பில் இணைப்பை ஒட்டினால் பத்து வரிக்கு % குறிகள். தமிழ் முகவரியின் ஒவ்வொரு குறியும் ஒன்பது ஆங்கில எழுத்தாக விரிவதால் இது நேர்கிறது. வேர்ட்பிரஸ் இடுகையின் முகவரிப் பெயருக்கு 200 இடம்தான் வைத்திருக்கிறது. ஆக 22 தமிழ்க் குறிகளில் இடம் தீர்ந்துவிடும், புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. 'சிங்கப்பூரில் மழைக்கால நினைவுகள்' என்று தலைப்பு வைத்தால் முகவரியில் 'நினைவுகள்' என்ற சொல்லில் 'ந' மட்டும் மிஞ்சும். பிளாக்கர் வேறு வழி: தலைப்பு முழுத் தமிழாக இருந்தால் முகவரியில் பொதுவாக 'பிளாக் போஸ்ட்' என்று போட்டுவிடும், எந்த இடுகை எது என்றே தெரியாது.

வெளியிடும் முன், 'பெர்மாலிங்க்' பெட்டியில் மூன்று நான்கு சொல்லை ஆங்கில எழுத்தில், நடுவில் சிறு கோடு இட்டு எழுதிவிடுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கும், முகவரி மட்டும் சிறிதாகும். வேர்ட்பிரஸில் பின்னால் மாற்றினாலும் பழைய முகவரிக்கு வருபவரை அதுவே புதியதற்கு அனுப்பும். பிளாக்கரில் வெளியிட்ட பின் மாற்றுவது சிக்கல், முதலிலேயே செய்யுங்கள்.

அறிகுறி: தேதியும் நேரமும் தவறு

பொங்கலன்று காலை போட்ட வாழ்த்து முதல் நாள் தேதியில் நிற்கிறதா? பிளாக்கரில் நேரமண்டலம் அமெரிக்கப் பசிபிக் நேரமாக இருக்கும், நமக்கு 15 அல்லது 16 மணி நேரம் பின்னால். வேர்ட்பிரஸ் அமைத்ததும் அனைத்துலக நேரத்தில் நிற்கும், எட்டு மணி பின்னால். இரண்டிலும் சிங்கப்பூர் என்று தேர்ந்துவிடுங்கள். நேரம் குறித்து வைத்த இடுகை வேர்ட்பிரஸில் வெளிவராமல் இருந்தால், அந்த நேரத்தில் தளத்துக்கு யாரும் வரவில்லை என்று பொருள். அதன் கடிகாரம் யாராவது வந்தால்தான் ஓடும்.

அறிகுறி: எழுதியதைக் காணோம்

வேர்ட்பிரஸ் என்றால் பதற வேண்டாம். இடுகையின் வலப்பக்கப் பட்டியில் 'ரிவிஷன்ஸ்' திறந்தால் பழைய வடிவங்கள் வரிசையாக இருக்கும், வேண்டியதை மீட்கலாம். பிளாக்கரில் அப்படி முந்தைய வடிவங்கள் கிடையாது. தவறுதலாக அழித்ததும் தானாகச் சேமித்துவிட்டால் போனது போனதுதான். அழிந்தது தெரிந்த அந்த நொடியில் கன்ட்ரோல், இசட் அழுத்துங்கள், டேபை மூடாதீர்கள். நீண்ட நேரம் எழுதிய பிறகு 'வெளியிடு' அழுத்தி உள்நுழையச் சொன்னால், எதையும் தொடுமுன் எழுதியது முழுவதையும் தேர்ந்து நகலெடுங்கள். பெரிய கட்டுரை என்றால் வேறிடத்தில் எழுதி, கடைசியில் கொண்டுவந்து ஒட்டுவதே நல்லது.

வாசகர் ஒருவர், உள்நுழைந்தும் பிளாக்கரில் கருத்து எழுத முடியவில்லை என்று சொன்னால், அவருடைய உலாவி மூன்றாம் தரப்புக் குக்கியைத் தடுக்கிறது. சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் இயல்பாகவே அப்படித்தான். அவரை மாற்றச் சொல்ல வேண்டாம். உங்கள் கருத்துப் பெட்டியின் இடத்தை 'பாப்-அப் விண்டோ' என்று மாற்றுங்கள்.

அறிகுறி: முகப்பு வருகிறது, இடுகை வரவில்லை, அல்லது வெள்ளைத் திரை

இடுகைகள் எல்லாம் '404' என்றால் வேர்ட்பிரஸின் 'செட்டிங்ஸ்', 'பெர்மாலிங்க்ஸ்' போய் எதையும் மாற்றாமல் 'சேவ்' மட்டும் அழுத்துங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

வெள்ளைத் திரை என்றால் கடைசியாகப் புதுப்பித்த செருகுநிரலை (பிளகின்) சந்தேகியுங்கள். 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு ஒன்றை அனுப்பும். அதன் வழியே போய் அந்தச் செருகுநிரலை நிறுத்தலாம். மின்னஞ்சல் வரவில்லை என்றால் வழங்கியின் கோப்பு மேலாளரில் 'பிளகின்ஸ்' கோப்புறையின் பெயரை மாற்றுங்கள், எல்லாம் ஒரேயடியாக நிற்கும். தளம் வந்ததும் பெயரைப் பழையபடி வைத்து ஒவ்வொன்றாக இயக்குங்கள்.

இந்த வேலையெல்லாம் மலைப்பாக இருக்கிறது என்றால், சொந்த வழங்கியில் வேர்ட்பிரஸ் உங்களுக்கு ஏற்றதல்ல, அதில் குறை எதுவும் இல்லை. எழுத மட்டும் விரும்புபவருக்கு பிளாக்கரோ வேர்ட்பிரஸ்.காமோ போதும், கட்டண அட்டை காலாவதியானதால் தளம் மறையும் ஆபத்தும் இலவசக் கணக்கில் இல்லை. எதுவானாலும் அவ்வப்போது ஏற்றுமதி செய்து கோப்பை வீட்டில் வையுங்கள். வேர்ட்பிரஸ் தரும் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்து மட்டும்தான் இருக்கும், படங்கள் இருக்காது. படங்களைத் தனியாக இறக்கி வைக்க வேண்டும்.

அறிகுறி: புதிதாக வாங்கிய '.எஸ்ஜி' முகவரி சில வாரத்தில் நின்றுவிட்டது

வலைப்பூவில் ஒரு கோளாறும் இருக்காது. '.எஸ்ஜி' பெயர் பதிந்தால் 21 நாட்களுக்குள் நிர்வாகத் தொடர்பாளர் சிங்பாஸ் வழியே தம்மை உறுதிப்படுத்த வேண்டும். செய்யாவிட்டால் பெயர் முடக்கப்படும். உறுதிப்படுத்தச் சொல்லும் மின்னஞ்சல் குப்பைப் பெட்டியில் கிடக்கலாம், தேடுங்கள். கிடைக்காவிட்டால், அல்லது அதில் உள்ள இணைப்பை அழுத்தத் தயக்கமாக இருந்தால், பெயரை வாங்கிய பதிவாளரின் தளத்துக்கு நீங்களே முகவரி அடித்துப் போய்க் கேளுங்கள். '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடியும் முகவரியும் 2011 முதல் உண்டு. ஆனால் சில பழைய செயலிகள் அதை ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடாகக் காட்டும் என்பதால், அதை எடுப்பவர்கள் '.எஸ்ஜி' அல்லது '.காம்' பெயர் ஒன்றையும் கூடவே வைத்துக்கொண்டு, அச்சிடும் அட்டையில் இரண்டையும் போடுங்கள்.